ரிட்டையர் ஆன பிறகு முதல் ஒரு வருஷம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

கோபி, சத்தி, ஈரோடு பக்கம் ரிட்டையர் ஆகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், பேங்குக்கும் கருவூலத்துக்கும் கூடப் போய் வருவதுமாகச் சில வருஷங்களாக என் பொழுது போகிறது. ஆசிரியர், மின்வாரியக்காரர், மில் சூப்பர்வைசர், பஸ் கண்டக்டர், சொசைட்டி செயலாளர் என்று எல்லாரும் வருவார்கள். ஆளுக்கு ஆள் கதை வேறு, ஆனால் தடுக்கி விழுகிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: வரிசை மாறிப்போகிறது. பணம் வந்த மாதமே தோட்டத்தில் போர்வெல் போடுகிறார்கள், பையன் தொழிலுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள். பேப்பர் வேலையை "பொறுமையாப் பாத்துக்கலாங்க" என்று தள்ளுகிறார்கள். வீட்டில் பேசியே ஆகவேண்டிய விஷயத்தைப் பேசுவதே இல்லை. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலில் பேப்பர், அடுத்து பணத்தைப் பத்திரப்படுத்துவது, அடுத்து வீடு, கடைசியில்தான் தோட்டமும் புதுத் தொழிலும்.

1. ஒரு வருஷத்துக்கு முன்பே: பெயர், இனிஷியல், பிறந்த தேதி

பணிப்பதிவேடு, ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் நான்கையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பழனிசாமி ஒன்றில் 'ச்' போட்டு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். கம்ப்யூட்டருக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆள்.

இதைவிட அதிகம் மாட்டுவது மனைவியின் பெயர். ஓட்டர் கார்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், ரேஷன் கார்டில் மயிலாத்தாள், பாஸ்புக்கில் மயிலாத்தா என்று இருக்கும். பிறந்த தேதி பல பேருக்கு ஜனவரி 1 என்று எவரோ போட்டு வைத்ததாக இருக்கும். இதை எல்லாம் ஏன் இப்போதே பார்க்க வேண்டும் என்றால், குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயருக்குத்தான் போகப்போகிறது. கணவர் இருக்கும்போது திருத்தினால் ஒரு விண்ணப்பம், இரண்டு கையெழுத்து. அவர் போன பிறகு திருத்தப் போனால் வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், தாலுகா ஆபீஸ் என்று அந்த அம்மாதான் தனியாக அலைய வேண்டும். மனைவியின் பிறந்த தேதி ஓய்வூதியக் கொடுப்பாணையில் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரசு ஓய்வூதியத்தில் 80 வயதானதும் 20 சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் அது உண்டு. தேதி இல்லையென்றால் அது நின்றுபோகும்.

மில், பவுண்டரி, பனியன் கம்பெனி ஆட்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நம் பக்கம் ஒரே மில்லில் முப்பது வருஷம் இருந்தவர் குறைவு. மூன்று நான்கு இடம் மாறியிருப்பார்கள், ஒவ்வொரு இடத்து பி.எஃப். கணக்கும் அங்கங்கே அப்படியே கிடக்கும். பி.எஃப். பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும், முழுசாகக் கிடைக்க வயது 58 ஆக வேண்டும். பழைய கணக்குகளை ஒரே யு.ஏ.என். எண்ணின் (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) கீழ் சேர்க்காமல் விட்டால் பதினைந்து வருஷம் உழைத்தவருக்கும் ஏட்டில் ஆறு வருஷம்தான் தெரியும். அதோடு, பழைய கம்பெனியிலிருந்து நீங்கள் விலகிய தேதி பதிவாகியிருக்க வேண்டும். பதியாவிட்டால் பணம் கேட்கும் விண்ணப்பம் நகராது. மில் மூடிப்போயிருந்தால் இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒரு வருஷம் முன்பே என்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பென்ஷனுக்கு 15,000 ரூபாய் வரைக்குமான சம்பளம்தான் பெரும்பாலோருக்குக் கணக்கு. கடைசிச் சம்பளம் நாற்பதாயிரமாக இருந்தாலும் மாதம் வரப்போவது சில ஆயிரம்தான். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014ல் வைத்தார்கள். அதை நம்பிச் செலவுத் திட்டம் போட முடியாது.

2. கடைசி மூன்று மாதம்: உடம்பும் இன்சூரன்ஸும்

தனியார் கம்பெனியில் இருப்பவர்களுக்கு கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்துப் புதிதாக எடுக்கலாம் என்று இருந்தால், ஏற்கனவே இருக்கிற சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மூன்று வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள். வேலையில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். இருக்கிற நோயை மறைத்து பாலிசி எடுக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் படுக்கும் நேரத்தில்தான் அது வெளியே வரும், கிளெய்மும் போய்விடும்.

70 வயது ஆனவர்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை பெறலாம். அக்டோபர் 2024லிருந்து இது இருக்கிறது. உங்களுக்கு இன்னும் வயது வராவிட்டாலும் வீட்டில் அப்பாருக்கோ ஆத்தாவுக்கோ பொருந்தும், ஆதாரை எடுத்துக்கொண்டு போய்ப் பதிய முடியுமா என்று கேளுங்கள்.

கண், பல், காது மூன்றையும் இந்த மூன்று மாதத்துக்குள் காட்டிவிடுங்கள். முக்கியமாகக் காது. வேலையில் இருக்கும்போது எவரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வீட்டில் நாள் முழுக்க இருக்கும்போது அதுதான் சண்டையாக மாறும்.

3. பணம் வந்ததும்: ஆறு மாதம் பெரிய முடிவு எதுவும் வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை), பி.எஃப்., கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை முன்பணமாக வாங்குவது), லீவு சம்பளம் எல்லாம் சேர்ந்து வரும்போது அது வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிற தொகையாக இருக்கும். அதைவிடச் சிக்கல், அந்தத் தொகை எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். பணி நிறைவு விழா பந்தலைப் பிரிப்பதற்குள் இடம் விற்கிறவர், சீட்டு நடத்துகிறவர், "ரெண்டு வட்டிக்கு நல்ல பார்ட்டி இருக்குதுங்" என்று சொல்கிற பங்காளி எல்லாரும் வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே பதிலை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: "எல்லாத்தையும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டாச்சுங்க, அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது." கணவனும் மனைவியும் இதே பதிலைச் சொல்ல வேண்டும். ஒருவர் இளகினால் போதும், விஷயம் கைமீறிவிடும்.

பணத்தைப் பிரிக்கிற வரிசை இது.

முதலில் கடன். வேலைக்காலத்து சொசைட்டி கடன், நகைக்கடன், வீட்டுக் கடன் மிச்சம் எதுவானாலும் அடையுங்கள். எந்த டெபாசிட்டும் தருகிற வட்டியைவிட இவற்றின் வட்டி பெரும்பாலும் கூடுதல்.

அடுத்து, ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விடுங்கள். பென்ஷன் ஆர்டர் தாமதமானால் கை வைக்க இது இருக்கும். தாமதம் ஆகத்தான் செய்கிறது.

அதற்கு அடுத்தது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். போஸ்ட் ஆபீஸிலும் பேங்கிலும் உண்டு, ஒருவருக்கு 30 லட்சம் வரை, 5 வருஷம், இப்போது வட்டி 8.2 சதவீதம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும்: 15 லட்சம் போட்டால் ஒவ்வொரு முறையும் 30,750 ரூபாய். 60 வயது நிறைந்திருக்க வேண்டும். 55க்கு மேல் 60க்குள் ரிட்டையர் ஆனவர்களும் சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். 58ல் ரிட்டையர் ஆகிற மில் ஆட்கள் பலர் இந்த மூன்று மாதத்தைத் தவற விட்டுவிட்டு அறுபதுக்காகக் காத்திருக்கிறார்கள். அதேசமயம் இருப்பதை எல்லாம் கொண்டுபோய் இதில் போட வேண்டாம். முதல் வருஷத்துக்குள் எடுத்தால் கொடுத்த வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், அடுத்து எடுத்தாலும் ஒன்று, ஒன்றரை சதவீதம் கழியும்.

போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டமும் நல்லதுதான், தனியாக 9 லட்சம், ஜோடியாக 15 லட்சம் வரை போடலாம். மிச்சத்தைப் பேங்க் டெபாசிட்டில் ஒரு வருஷத்துக்குப் போடுங்கள். ஒரே பேங்கில் குவிக்காதீர்கள், ஏனென்றால் பேங்க் திவாலானால் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சத்துக்குத்தான் காப்பீடு இருக்கிறது. எல்லா டெபாசிட்டும் கணவன் மனைவி இருவர் பெயரிலும், எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் இருக்கட்டும். வாரிசுதாரர் பெயரைப் பதியாத ஒரு ரசீதுகூட வீட்டில் இருக்கக் கூடாது.

கம்யூட்டேஷன் பற்றி ஒரு வார்த்தை. மாநில அரசு ஊழியர்கள் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை முன்பணமாக மாற்றிக்கொள்ளலாம். குறைந்த பங்கு 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும். எல்லாரும் வாங்குகிறார்கள் என்று வாங்காமல், அந்த மொத்தப் பணத்தை எதற்கு என்று சொல்ல முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

அப்புறம், அதிக வட்டி. 2009 வாக்கில் திருப்பூரில் அந்நியச் செலாவணி என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். இரண்டிலும் போனதில் ஓய்வுப் பணம் கணிசம். முதலீட்டாளர்களைக் காக்க 1997லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் அதற்கென்றே சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது, ஆனாலும் பணம் திரும்பி வர வருஷங்கள் ஆகின்றன, முழுசாக வருவதும் இல்லை. அறுபது வயதில் போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்க முடியாது. பேங்க் வட்டியைப் போல இரண்டு மடங்கு எவர் சொன்னாலும், அவர் சொந்த அண்ணனே ஆனாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

போனில் வருகிற மோசடி இப்போது அதைவிட மோசம். "கருவூலத்திலிருந்து பேசறோம், பென்ஷன் நின்னுடும், ஓ.டி.பி. சொல்லுங்க" என்பார்கள், போலீஸ் உடையில் வீடியோவில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம்" என்பார்கள். அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் எவரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள்தான் முழுசாக இழக்கிறார்கள்.

4. மாதச் செலவு: மொய்யையும் கணக்கில் சேருங்கள்

மூன்று மாதம் ஒரு நோட்டில் எல்லாச் செலவையும் எழுதுங்கள், எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். பெட்ரோலும் வெளிச்சாப்பாடும் தானாகக் குறைந்திருக்கும். குறையாதது மொய். சர்வீஸில் இருந்தபோது வந்த அத்தனை பத்திரிகையும் இப்போதும் வரும், வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் நான்கு கல்யாணம் வரும், போகவும் வேண்டும். பழைய மொய் நோட்டை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டியது எவ்வளவு என்று பார்த்து, மாதத்துக்கு இவ்வளவு என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவுக்கு டெபாசிட்டை உடைப்பீர்கள்.

5. முதல் மூன்று மாதம் வீட்டில்

ஆண்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக நீங்கள் காலையில் தூக்குப்போசியோடு கிளம்பிவிட்டீர்கள். அந்த நேரத்துக்கு அப்புறம் வீடு அந்த அம்மாவுடையது. காலைச் சமையலில் மிஞ்சியதை மத்தியானம் சாப்பிட்டுக்கொள்வார், பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு திண்ணையில் பேசுவார், மூன்று மணிக்கு ஒரு தூக்கம், சீரியல். இப்போது நீங்கள் ஒரு மணிக்குச் சுடச்சுடச் சோறு வேண்டும் என்று உட்காருகிறீர்கள், பதினொரு மணிக்குக் காபி கேட்கிறீர்கள், பருப்பு டப்பா ஏன் இந்த வரிசையில் இருக்கிறது என்று ஆபீஸ் ஃபைலை அடுக்குவதுபோல அடுக்க ஆரம்பிக்கிறீர்கள். அவருக்கு ரிட்டையர்மென்ட் வரவில்லை, வேலைதான் கூடியிருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் முதல் வருஷத்துச் சண்டை முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

செய்ய வேண்டியது: முதல் வாரத்திலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசுங்கள். ஒன்று, மத்தியானச் சாப்பாடு என்ன, எப்போது. அரிசிம்பருப்புச் சாதம் ஒரு குக்கரில் முடிகிற வேலை, அதை நீங்களே வைக்கக் கற்றுக்கொள்ளலாம், வாரத்தில் இரண்டு நாள் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, எந்தெந்த வீட்டு வேலை முழுசாக உங்களுடையது. "உதவி பண்றேன்" என்றால் அவர் ஒவ்வொன்றையும் சொல்லித்தான் உங்களிடம் வேலை வாங்க வேண்டும், அதற்கு அவரே செய்துவிடுவார். உழவர் சந்தைக்குப் போவது, கரன்ட் பில், கேஸ், மாவு அரைப்பது என்று தலைமுதல் கால்வரை ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மூன்று, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நீங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது. இது அவருக்காக மட்டுமல்ல, உங்களுக்கும் ஒரு போக்கிடம் வேண்டும்.

சில பேர் பழைய ஆபீஸையே போக்கிடமாக்கிக்கொள்கிறார்கள். முதல் தடவை டீ வாங்கிக் கொடுப்பார்கள், அடுத்த தடவையும் கொடுப்பார்கள். அப்புறம் அவர்களுக்கு வேலை இருக்கும், உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கையெழுத்து, சான்று என்று வேலை இருந்தால் மட்டும் போங்கள்.

6. வேலைக்குப் போன பெண்கள் ரிட்டையர் ஆகும்போது

நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆனவள்தான், அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன். ஓய்வு பற்றி எழுதுகிற பெரும்பாலோர் ஆண்களை மனசில் வைத்தே எழுதுகிறார்கள்.

ஒரு பெண் வீட்டுக்கு வந்த அன்றே வீட்டில் இருக்கிற எல்லாரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள்: இனிச் சமையலுக்கு ஆள் வேண்டாம், மாமியாருக்கு மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது, பேத்தியை ஸ்கூலில் விட ஆள் இருக்கிறது. எவரும் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை. அதனால் கடைசி வேலைநாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவை நிறுத்தாதீர்கள். பென்ஷன் வருகிற கணக்கின் ஏ.டி.எம். கார்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், குடும்பச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று கொடுங்கள், மிச்சம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கோவிச்சுக்குவாங்களோ என்று தயங்கி முதல் மாதம் விட்டுவிட்டால், ஆறாவது மாதம் அதைத் திரும்பக் கேட்பது பத்து மடங்கு கஷ்டம்.

7. நாளுக்கு இரண்டு ஆணி

பொழுது முழுக்கத் திட்டம் போட வேண்டாம், நிற்காது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மாறாத இரண்டு வேலை இருந்தால் நடுவில் இருக்கிற நேரம் தானாக நிரம்பும். காலையில் நடை: வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வேகமான நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தினம் அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். வாய்க்கால் கரையிலோ ஸ்கூல் கிரவுண்டிலோ எங்கே நடந்தாலும், கூட ஒரு ஆள் இருக்கட்டும். துணை இருந்தால் மழைக்காலத்தில் நின்றுபோவதில்லை. நடந்து முடித்து பேக்கரியில் உட்காருவதும் அதில் சேர்ந்ததுதான், அந்தப் பேச்சு வேண்டும், பஃப்ஸ் மட்டும் வேண்டாம்.

சாயங்கால வேலை பிறருக்குப் பயன்படுகிறதாக இருப்பது நல்லது. கணக்கு வாத்தியார் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், பேங்கில் இருந்தவர் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். வேலைக்காலத்தில் உங்களை "சார்", "டீச்சர்" என்று கூப்பிட ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் போன வெறுமையை டி.வி. நிரப்பாது. உங்கள் கையால் ஆகிற ஒரு காரியத்துக்காக எவராவது உங்களைத் தேடி வர வேண்டும்.

8. தோட்டத்துக்குத் திரும்புகிறவர்கள்

நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கு ரிட்டையர்மென்ட் கனவு இதுதான்: தோட்டத்தில் ஒரு சாளை (தோட்டத்து வீடு), ரெண்டு மாடு, சுத்தி தென்னை. நல்ல கனவு. ஆனால் சின்ன வயதில் தோட்டத்தில் வளர்ந்ததும், முப்பது வருஷம் வேலைக்குப் போய்விட்டு அறுபதில் தோட்டம் நடத்துவதும் ஒன்றல்ல.

முதல் ஒரு வருஷம் நிலத்தை இப்போது பார்ப்பவரிடமே குத்தகைக்கோ விளைச்சலில் பங்கு என்கிற வாரத்துக்கோ விட்டு வைத்து, நீங்கள் தினமும் போய் நின்று பாருங்கள். கிணற்றில் சித்திரையில் தண்ணீர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கீழ்பவானி வாய்க்காலில் உங்கள் மடைக்கு முறை எப்போது வருகிறது, ஆள்கூலி எவ்வளவு, ஆள் கிடைக்கிறதா என்று ஒரு கோடை, ஒரு மழை முழுசாகப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் ஓய்வுப் பணத்தில் போர் போடாதீர்கள். ஆயிரம் அடி போட்டும் புழுதி பறக்கிற போர் காங்கயம், தாராபுரம் பக்கம் எத்தனையோ இருக்கிறது. முதல் போர் பொய்த்ததும் எல்லாரும் செய்வது, விட்ட காசைப் பிடிக்க அடுத்த போர் போடுவது. அந்த இரண்டாவது போரில்தான் டெபாசிட் உடைகிறது.

தென்னை வைப்பதானால் வயதைக் கணக்குப் பண்ணுங்கள். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம், குட்டை ரகமும் ஒட்டு ரகமும் மூன்று முதல் ஐந்து வருஷம். இருபத்தைந்து அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு எழுபது மரம் வரும். அதுவரைக்கும் தண்ணீர், ஆள், உரம் எல்லாம் கையிலிருந்து. அதன்பிறகு வெள்ளை ஈயும் பொள்ளாச்சி மார்க்கெட் விலையும். பேரனுக்காக வைக்கிறேன் என்றால் தாராளமாக வையுங்கள், மாத வருமானத்துக்கு என்றால் வேண்டாம்.

மாடு வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: விடியக்காலை ஐந்து மணிக்கும் சாயங்காலமும், வருஷத்தில் ஒரு நாள் விடாமல், பால் பீச்சுகிற ஆள் எவர்? நீங்களும் வீட்டுக்காரம்மாவும் மட்டும் என்றால் பண்ணாரி குண்டத்துக்குப் போனாலும் சாயங்காலம் திரும்பியாக வேண்டும், பெங்களூரில் இருக்கிற மகளைப் பார்க்கப் போய்த் தங்க முடியாது. பாலில் லாபம் வருகிற வீடுகளில் வீட்டு ஆட்களின் உழைப்பைக் கூலியாகக் கணக்குப் போடுவதே இல்லை. கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) இருந்தால் செம்மறி தேவலை, கிளுவை வேலி சரியாக இருந்தால் பட்டியில் விட்டுவிட்டு வரலாம். எதுவானாலும் இரண்டிலிருந்து ஆரம்பியுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் கோபியில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சி நடக்கிறது, காசு போடும் முன் அங்கே போய் உட்கார்ந்து கேளுங்கள்.

ஊருக்குத் தள்ளி சாளையில் தனியாகக் குடியிருக்கிற முடிவையும் இரண்டு பேரும் சேர்ந்து எடுங்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் வண்டி வருமா, எத்தனை நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்று பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும், வயசானவர்கள் தனியாக இருக்கிற தோட்டத்து வீடுகளைக் குறிவைத்துக் கொலைகள் நடந்திருக்கிற பகுதி இது.

9. பேரன் பேத்தி

அப்புச்சி, அமுச்சி என்று பிள்ளைகள் ஓடி வருவது ஒரு சுகம்தான், மறுக்க முடியாது. ஆனால் நேரம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து ஆறு மணி வரை, ஞாயிறு லீவு என்று. பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் மருந்து, பயணக் காப்பீடு இரண்டையும் முதலில் பாருங்கள், திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

10. சொத்து: எழுதி வைப்பதும் எழுதிக் கொடுப்பதும் வேறு

ரிட்டையர் ஆன கையோடு தோட்டத்தைப் பையன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறைய. இன்றே அது அவன் சொத்து ஆகிவிடும். உயில் எழுதினால் உங்கள் காலத்துக்கு அப்புறம்தான் போகும், நடுவில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் உயில் செல்லும்; பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்து விடுங்கள், பின்னால் பொய் உயில் என்று சண்டை வராது. மகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்து எழுதினால், அதை வைத்தே பத்து வருஷம் கோர்ட்டில் கிடப்பார்கள்.

செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், "கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் அந்த வழி சுலபம்.

11. மனசு சரியில்லாதபோது

மூன்றாவது, நான்காவது மாதம்தான் கவனிக்க வேண்டியது. விழா, பணம், கோயில் பயணம் எல்லாம் முடிந்து வீடு அமைதியாகிற நேரம் அது. விடியக்காலை மூன்று மணிக்கு முழிப்பு, சாப்பாட்டில் பிடிப்பில்லாமை, எவர் வந்தாலும் எரிந்து விழுவது, மத்தியானத்திலேயே குடிக்க உட்காருவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மாதிரி இதற்கும் வைத்தியம் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், முதியோருக்கென்றே 14567 இருக்கிறது. "சும்மா இருக்கறதுனால வர்ற நோய், வேலை பாத்தா சரியாயிரும்" என்று சொல்லித் தட்டிவிடாதீர்கள்.

12. வருஷா வருஷம்: வாழ்நாள் சான்று

உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் இந்தச் சான்று மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலிருந்தே. பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். மாநில அரசு ஆட்கள் இதற்கான தங்கள் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு, வருகிற ஒவ்வொரு வருஷக் காலண்டரிலும் அந்தப் பக்கத்தில் குறித்து வையுங்கள். தவறினால் பென்ஷன் நிற்கும்.

போஸ்ட்மேனை வீட்டுக்கு வரச் சொல்லி டிஜிட்டலாகவே கொடுக்கலாம், 70 ரூபாய்தான். காட்டு வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷினில் விரல் பதியாது. நாலு தடவை வைத்துப் பார்த்துவிட்டு "ஆகலீங்க" என்று திரும்பிப்போகிறவர்கள் உண்டு. முகத்தை வைத்துப் பதிகிற முறை செல்போனிலேயே இருக்கிறது, அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

சான்று கொடுத்த ரசீதைப் போடுகிற அதே பையில் ஓய்வூதியக் கொடுப்பாணை, டெபாசிட் ரசீதுகள், இன்சூரன்ஸ், பத்திர நகல், உயில் இருக்கிற இடம் எல்லாம் இருக்கட்டும். அந்தப் பையை எடுத்து, மனைவியையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு காகிதமும் என்ன, நாளைக்கு அதை எந்த ஆபீஸில் கொடுக்க வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்.